தயிரும் தூக்குவாளியும்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் அது நம் கால்பந்து இல்லை என்பது அங்கே போகாதவர்களுக்கும் இப்போது தெரியும். பந்து முட்டை வடிவில் இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம். கையால் எறிவார்கள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாலு முயற்சியில் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறவிடாமல் எதிரணி மேலே விழுந்து மறிக்கும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி குருக்ஷேத்திரம், அப்புறம் அரை நிமிஷம் ஆலோசனைக் கூட்டம். மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உயிரோடு இருப்பது மொத்தமாகப் பதினோரு நிமிஷம் தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் பீர், கார், மாத்திரை விளம்பரங்கள்.

இதை நான் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டது பிட்ஸ்பர்கில், மகள் வீட்டில். நம்மவர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில். ஊர்க்காரர்களுக்கு ஸ்டீலர்ஸ் அணி. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக் கத்துவார்கள். என் மாப்பிள்ளை இரண்டு சந்நிதிக்கும் ஒழுங்காகப் போகிறவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரே புலம்பல். "மாமா, நீங்க பார்க்கிறது ஃபுட்பாலே இல்ல. நான் வந்த புதுசுல பார்த்திருக்கணும். இப்ப தொட்டா மஞ்சக் கொடி. பாவாடை கட்டி விட்டிருக்காங்க."

வார நாட்களில் அவரே வேறு பேசுவார். பேரனுக்குப் பதினாலு வயது. வயதுக்கு மீறின உடம்பு. பள்ளிக்கூட கோச் ஒருநாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "டீமுக்கு வாயேன்" என்று சொல்லிவிட்டார். பெற்றோர் கையெழுத்து வேண்டும். மகள் முடியாது என்கிறாள். மாப்பிள்ளை அவளிடம், "அந்தக் காலம் இல்லம்மா, ரூல்ஸ் எல்லாம் மாத்திட்டாங்க, இப்ப ரொம்ப சேஃப்" என்கிறார். ஞாயிறன்று ஆட்டம் கெட்டுப்போச்சு, திங்களன்று ஆட்டம் பத்திரமாச்சு. இரண்டுக்கும் அதே விதிகள்தான் சாட்சி. எனக்கு வேறு வேலை இல்லாததால் இந்த விதிகள் உண்மையில் என்னதான் செய்திருக்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆட்டத்தில் அடி என்பது இன்று நேற்றுப் பிரச்னை இல்லை. 1905-ல் ஒரே பருவத்தில் குறைந்தது 18 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, ஆட்டத்தை ஒழுங்குபடுத்துங்கள் என்றார். மறு வருஷம் பந்தை முன்னால் எறியலாம் என்று விதி வந்தது. கும்பலாக முட்டி மோதுவது குறையும் என்ற எண்ணம். இன்றைக்கு அமெரிக்கர்கள் வாயைப் பிளந்து பார்க்கிற அந்த அறுபது கெஜ எறிதல், உயிர்காக்கக் கொண்டுவந்த ஏற்பாடு!

தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 1978 ஆகஸ்டில், ஓக்லண்டில், ஒரு பயிற்சி ஆட்டம். புள்ளிக்கணக்கில் சேராத ஆட்டம். நியூ இங்கிலாந்து அணியின் டாரில் ஸ்டிங்லி பந்தைப் பிடிக்கத் தாவியபோது ஜாக் டாட்டம் வந்து மோதினார். ஸ்டிங்லிக்குக் கழுத்து முறிந்தது. 26 வயதிலிருந்து 2007-ல் சாகும்வரை சக்கர நாற்காலி. அந்த மோதலுக்கு நடுவர் கொடி வீசவில்லை. வீச விதி இல்லை. டாட்டம் இரண்டு வருஷம் கழித்து சுயசரிதை எழுதினார். தலைப்பு, என்னை 'கொலைகாரன்' என்பார்கள் என்ற அர்த்தத்தில். நன்றாக விற்கட்டுமே என்றுதான்.

2000-களின் நடுவில்கூட ஈ.எஸ்.பி.என். சேனலில் வாரத்தின் சிறந்த ஐந்து மோதல்களைத் தொகுத்துப் போட்டு, சட்டை டை போட்ட வர்ணனையாளர்கள் கோரஸாகக் கூச்சல் போடுவார்கள். மாப்பிள்ளை அதற்கு ரசிகர். இப்போது அப்படி ஒன்றைக் காட்டினால் சேனலை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள்.

திருப்பம் 2010 அக்டோபர் 17. ஒரே ஞாயிற்றுக்கிழமை பல மைதானங்களில் மண்டைகள் மோதின. பிட்ஸ்பர்கின் ஜேம்ஸ் ஹாரிசன் ஒரே ஆட்டத்தில் க்ளீவ்லண்ட் ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைப் படுக்கவைத்தார். லீக் அவருக்கு 75,000 டாலர் அபராதம் போட்டது. ஹாரிசன் கோபித்துக்கொண்டு ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டு, ஓரிரு நாளில் பயிற்சிக்கு வந்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மோதிய அந்தக் காட்சியின் புகைப்படத்தை லீகின் சொந்தக் கடையிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் சிரித்த பிறகுதான் எடுத்தார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் ஹாரிசன் மறுபடி தலையால் மோதி, ஒரு ஆட்டம் வெளியே உட்காரவைக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு விதி மேல் விதி. பந்தைப் பிடிக்கும் நிலையில் இருப்பவனின் தலையிலோ கழுத்திலோ மோதக்கூடாது. 2013-ல், திறந்த மைதானத்தில் ஹெல்மெட்டின் உச்சியால் முட்டக்கூடாது. 2018-ல், தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் மோதவே கூடாது. குவார்ட்டர்பேக் மேல் முழு எடையோடு விழவும் கூடாது. (பந்தை எறிகிற ராஜா அவர், கல்யாணத்தில் மாப்பிள்ளை மாதிரி.) அந்த வருஷம் மயாமி அணியின் வில்லியம் ஹேய்ஸ், எடை விழாமலிருக்க நடுவிலே உடம்பைத் திருப்பப்போய்த் தன் முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டார். 2024-ல், பின்னாலிருந்து பிடித்து இடுப்பைத் தளர்த்தி எதிராளியின் காலில் விழுவதற்கும் தடை.

மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் மைதானத்தின் நடுவில் பந்து பிடிக்க யாரும் பயப்படுவார்கள். அங்கே ஒரு டாட்டம் காத்திருப்பான். இப்போது தைரியமாகக் கையை நீட்டுகிறார்கள். 2008 வரை ஒரு பருவத்தில் 5,000 கெஜம் எறிந்தவர் டான் மரீனோ ஒருவர்தான், அதுவும் 1984-ல். 2011-ல் மட்டும் மூன்று பேர் எறிந்தார்கள். முழுக்க இந்த விதிகளால் என்று சொல்ல மாட்டேன். பந்து பிடிப்பவனைத் தடுப்பவர்களின் கையைக் கட்டிய வேறு விதிகளும் உண்டு. ஆனால் டாம் ப்ரேடி 45 வயதுவரை ஆடினார் என்றால், 2008-ல் அவர் முழங்கால் போனதும் அடுத்த வருஷமே குவார்ட்டர்பேக்கின் காலுக்குக் காவல் போட்டதும் ஒரு காரணம்.

'இப்படியே போனால் ஒருத்தனும் பார்க்க மாட்டான்' என்ற பயம்தான் தப்பு. 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌலை 12 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்த மாற்றம் கிக் ஆஃபில் செய்தது. ஆட்டத் தொடக்கத்தில் பந்தைத் தூர உதைப்பார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் நாற்பது கெஜம் தலைதெறிக்க ஓடிவந்து மோதிக்கொள்வார்கள். பள்ளிக்கூட பௌதிகம் ஞாபகம் இருக்கிறதா? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதம். வேகத்தைப் பாதியாக்கினால் மோதலின் ஆற்றல் கால் பங்கு. முதலில் 2011-ல் உதைக்கும் இடத்தை ஐந்து கெஜம் முன்னால் தள்ளினார்கள். பந்து கோடியைத் தாண்டிப் போய்விடும், யாரும் ஓடவேண்டாம். 2024-ல் இரண்டு வரிசையையும் ஐந்து கெஜ இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, பந்து வந்து சேரும்வரை அசையாதே என்றார்கள். ஓட்டமே இல்லை. உபதேசம் செய்யாமல், அபராதம் போடாமல், பௌதிகத்தை மாற்றினார்கள். லீக் கணக்குப்படி 2017-ல் 281 ஆக இருந்த மூளை அதிர்ச்சிகள் 2024-ல் 182.

எதிர்விளைவும் உண்டு. தலையைத் தொடாதே என்றால் அடிப்பவன் எங்கே போவான்? காலுக்குப் போவான். 2013 டிசம்பரில் ராப் க்ரோன்கோவ்ஸ்கியின் முழங்காலில் டி.ஜே. வார்ட் மோதி ஜவ்வு கிழிந்தது. மேலே அடித்தால் அபராதம், அதனால் கீழே போனேன் என்ற ரீதியில் வார்ட் விளக்கம் சொன்னார். அது விதிப்படி சரியான மோதல். 2023 ஜனவரியில் டாமர் ஹாம்லின் மைதானத்தில் இதயம் நின்று விழுந்ததும் தினமும் நடக்கிற சாதாரண மோதலில்தான். மார்பில் பட்ட வேளை சரியில்லை. பிழைத்து, திரும்ப வந்து ஆடினார்.

இதுவரை படித்ததும் நான் ஏறக்குறைய மாப்பிள்ளை கட்சிக்குப் போய்விட்டேன். அப்புறம்தான் மைக் வெப்ஸ்டரிடம் வந்தேன்.

வெப்ஸ்டர் இதே பிட்ஸ்பர்கின் தெய்வம். சென்டர். அதாவது வரிசையின் நடுவில் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அதே கணம் எதிரே நிற்கும் நூற்றிருபது கிலோவை முட்டித் தடுப்பவர். 17 பருவங்கள், 245 ஆட்டங்கள், நாலு சூப்பர் பௌல் வெற்றி. ஓய்வுக்குப் பிறகு மனசு கலங்கி, பிக்கப் வண்டியில் படுத்துத் தூங்குகிற நிலைக்கு வந்தார். 2002-ல் 50 வயதில் மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர் பெனட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர். ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாதவர். அதுதான் நல்லதாகப் போயிற்று. வெறும் கண்ணுக்கு அந்த மூளை சாதாரணமாக இருந்தது. ஒமாலு விடாமல் அதை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, கைக்காசைச் செலவழித்துப் பார்த்தார். டௌ என்ற புரதம் அழுக்குப் போலப் படிந்திருந்தது. சி.டி.இ. என்று பெயர். குத்துச்சண்டைக்காரர்களிடம் முன்பே பார்த்தது. 2005-ல் கட்டுரை வெளியிட்டார். லீகின் மருத்துவக் குழு அதை வாபஸ் வாங்கச் சொன்னது. மூளை அடிபடுவதை ஆராய லீக் அமைத்த அந்தக் குழுவுக்குப் பல வருஷம் தலைவராக இருந்தவர் மூட்டுவாத டாக்டர்! சம்பந்தம் உண்டு என்று லீக் அதிகாரி ஒருவர் வாயால் ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று.

இதில் கவனிக்கவேண்டியது, வெப்ஸ்டரை யாரும் ஓடிவந்து அடித்ததில்லை. சென்டரை 'சிறந்த ஐந்து மோதல்'களில் காட்டமாட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு அறுபது முட்டல் என்று வைத்துக்கொண்டாலும் 245 ஆட்டத்துக்கு 14,700. பயிற்சி தனி. ஒவ்வொன்றும் சின்ன முட்டல். மயக்கம் வராது, கொடி பறக்காது.

ஹெல்மெட் இல்லையா என்பீர்கள். தூக்குவாளியில் தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? டிரைவர் பிரேக் போட்டால் வாளிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர் சுவரில் மோதி, உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். ஹெல்மெட் வாளியைக் காப்பாற்றும். மண்டை ஓடு உடைவது நின்றது அதனால்தான். தயிருக்கு அது பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. பயந்துவிடவேண்டாம். தொந்தரவு இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. எல்லாருக்கும் இதே விகிதம் இருக்காது. என்னை அதைவிட யோசிக்கவைத்தது 2023-ல் அதே குழுவினர் 631 மூளைகளை வைத்து வெளியிட்டது. எத்தனை முறை மூளை அதிர்ச்சி என்று டாக்டர் எழுதினார் என்பதற்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு தெரியவில்லை. வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த விசைக்குத்தான் தொடர்பு. சின்னச் சின்ன முட்டல்களின் கூட்டுத்தொகை.

ஆக, விதிகள் மாற்றியது கண்ணுக்குத் தெரிகிற அடியை. எறிபவன், பிடிப்பவன், ஓடுபவன் மூவரும் பிழைத்தார்கள். வரிசையில் குனிந்து நிற்பவனுக்கு ஆட்டம் ஏறக்குறைய வெப்ஸ்டர் ஆடிய ஆட்டம்தான். அவன் முட்டுவதைத் தடைசெய்தால் ஆட்டமே இல்லை என்பது லீகுக்குத் தெரியும்.

அவனுக்கு உருப்படியாக நடந்த ஒரே நல்ல காரியத்தை டி.வி.யில் யாரும் பார்க்கவில்லை. 2011 ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் சங்கம் வாதாடி, பருவம் முழுக்க முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சி 14 முறைதான் என்று எழுதி வாங்கியது. ஒரே நாளில் இரண்டு வேளை மோதுவதும் போயிற்று. கொடி, அபராதம், புலம்பல் எதுவும் கிடையாது. வீரன் தலை வாங்கும் மொத்தக் கணக்கில் பெரிய தள்ளுபடி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னபோது டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அப்புறம், "அவங்களுக்குச் சங்கம் இருக்கு மாமா" என்றார்.

பேரனைக் கூப்பிட்டு, "உன்னை எந்த இடத்துல ஆடச் சொல்றார் கோச்?" என்று கேட்டேன்.

"சென்டர், தாத்தா. இல்லேன்னா கார்டு. நான் பெருசா இருக்கேன்ல?"

கார்டு என்றால் சென்டருக்குப் பக்கத்து ஆள்.

மகளுக்கு ஒரு யோசனை சொன்னேன். கையெழுத்து போடலாமா கூடாதா என்று என்னைக் கேட்காதே. கோச்சுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேள்: பயிற்சியில் வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிஷம் பையன்கள் நிஜமாக முட்டிக்கொள்வார்கள்?

மரியாதையாக, நீளமாகப் பதில் வந்தது. தலையை நிமிர்த்தி மோதக் கற்றுக்கொடுப்பது பற்றி ஒரு பாரா. பள்ளி புதிதாக வாங்கியிருக்கும் ஹெல்மெட் பற்றி மூன்று பாரா, அது பரிசோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது உட்பட. நிமிஷக் கணக்கு இல்லை. மகள் மறுபடி எழுதியிருக்கிறாள். படிவம் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே இருக்கிறது.