பழைய எண்ணை எடுப்பது

ஒரே மாதிரி ரயில் பெட்டியை நான்கு வாங்கினால் பெரும்பாலும் நான்கிலும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். சேரன் எக்ஸ்பிரஸை 1:87 அளவில் மேசைமேல் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு அது பொறுக்காது.

அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. பெரம்பூரில் கட்டிய ஐ.சி.எஃப். நீலப் பெட்டிகளில் ஐந்து இலக்கங்கள்: முதல் இரண்டு கட்டிய ஆண்டு, மற்ற மூன்று வகை. 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை முன்பதிவில்லாத பொதுப்பெட்டி. 98237 என்றால் 1998-இல் கட்டிய ஸ்லீப்பர். அதன்மேல் 98450 என்று ஒட்டினால், கோவை, ஈரோடு நடைமேடைகளில் வண்டி பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு உடனே உறுத்தும்.

புது எண்ணை யாரும் ஒட்டிவிடலாம்; பழையதை எடுப்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். மேலே மெல்லிய மை, அதன் கீழே நீலப் பெயின்ட், அடியில் பிளாஸ்டிக். மை மட்டும் போக வேண்டும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். அதை மேசைக்கே கொண்டுவருவதில்லை. நான் நம்புவது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை. சில பெயின்ட்டை அதுவும் இளக்கும் என்பதால், கண்ணில் படாத ஓரத்தில் முதலில் தொட்டுப் பார்த்துவிடுவேன். பிறகு காட்டன் பட்ஸை லேசாக நனைத்து, பெட்டியின் நீளவாக்கில் அழுத்தாமல் உருட்டுவேன். வெள்ளை மை பஞ்சில் ஏறியதும் அந்தப் பஞ்சு குப்பைக்கு. அதையே மறுபடி தேய்த்தால் கரைந்த மை நீலத்தில் பால்போலப் பரவிவிடும். விளிம்பில் பிடிவாதமாக நிற்பதை மழுங்கிய பல்குச்சியால் தள்ளலாம், கத்தி மட்டும் கூடாது. அதற்குப் பிறகும் சாய்ந்த வெளிச்சத்தில் எண்ணின் தடம் தெரிந்தால் 2000 நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இரண்டே இழுப்பு.

ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வெள்ளையும் புதிய வெள்ளையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. ஐந்தையும் எடுத்துவிடுவதே நேர்மை.

தேய்த்த இடத்தில் பளபளப்பு மாறியிருக்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எண், கடைசியில் பக்கம் முழுவதற்கும் மேட் வார்னிஷ். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈர வார்னிஷில் ஒட்டிவிடும். ஐப்பசி மழையில் வார்னிஷ் வெளுத்துப் பூக்கும். தை, மாசியில், பனி விலகி வெயில் ஏறிய பிறகு அடிப்பதே எனக்குப் பிடித்தது.

இன்ஜினுக்கும் இதே முறைதான். 22-இல் தொடங்கும் வாப்-4 எண்ணை மாற்றும்போது ஈரோடு ஷெட்டின் பெயர்மேல் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன். அதை அழிக்க எனக்கு மனம் வராது.