வெள்ளையடிக்கலாம், மறைக்கலாமா?



வீடு விற்பது நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கின்ற காரியமல்ல. ஆயுளில் ஒரு தடவையோ இரு தடவையோதான் நடக்கும். அப்படி ஒரு நாள் வரும்போது, பிறந்து வளர்ந்த வீட்டையே கேற்றடியில் நின்று ஓர் அந்நியரின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது.

வெல்லம்பிட்டியில் இருந்த எங்கள் உம்மாவின் வீடு அது. 2017இல் உம்மா மௌத்தான பின், பிள்ளைகள் நால்வரும் மார்க்கப்படி பங்கு பிரித்துக்கொள்வதற்காக அதை விற்க முடிவு செய்தோம். தங்கையின் வீட்டில் கலியாண வயதில் ஒரு குமர் இருந்தாள். மூத்த நானாவுக்குக் கடைக் கடன். நல்ல விலைக்குப் போக வேண்டுமென்று எல்லோருமே ஆசைப்பட்டோம்.

தரகர் வந்தார். உள்ளே காலெடுத்து வைக்க முன்னரே, "வீடு நல்ல வீடுதான். ஆனா வெளியால பார்த்தா ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு. வாறவங்க கேற்றடியிலயே விலையை முடிவு செஞ்சிருவாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நம் பெண்களில் பலர் குசினியையும் உள் அறைகளையும் கண்ணாடி போல வைத்திருப்போம். வெளிச்சுவரில் பாசி படர்ந்திருப்பது நம் கண்ணுக்குப் படுவதே இல்லை. வாங்க வருபவரோ அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

2018 பெப்ரவரியில், மழை ஓய்ந்திருந்த நாட்களில் வேலையைத் தொடங்கினோம். உங்களுக்கும் உதவக்கூடும் என்பதால் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் காசு செலவாகாத வேலைகள். வளவிலிருந்த பழைய டயர், உடைந்த பூச்சட்டி, சிரட்டை எல்லாவற்றையும் அகற்றினோம். இவை கண்ணுக்கு அசிங்கம் மட்டுமல்ல, டெங்கு நுளம்பு முட்டையிடும் இடங்களும்கூட. பீலியில் அடைத்திருந்த இலைகுப்பையை எடுத்து, கானைச் சுத்தம் செய்தோம். பீலி நிரம்பி வழிந்ததுதான் சுவரில் பாசி பிடித்ததற்குக் காரணம் என்பது அப்போதுதான் விளங்கியது. காரணத்தை நீக்காமல் பெயின்ற் பூசியிருந்தால் அடுத்த மாரியில் பழைய கோலமே வந்திருக்கும்.

பிறகு சுவர். கம்பி பிரஷ்ஷினால் பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, பல நாட்கள் வெயிலில் காயவிட்டோம். ஈரச் சுவரில் பூசினால் பெயின்ற் கொப்பளித்து உரிந்து போகும். வெடிப்புகளை அடைத்து, அடிப்பூச்சு ஒன்று பூசி, அதன் மேல் இளம் நிறத்தில் இரண்டு தடவை பூசினார் பாஸ். கேற்றின் துருவை அரத்தாளால் தேய்த்து, துருப்பிடிக்காத பூச்சுப் பூசிய பின்னரே கறுப்பு நிறம் அடித்தோம். உடைந்திருந்த சில ஓடுகளை மாற்றினோம். வாசலில் புது மின்குமிழ் ஒன்று, உம்மா வளர்த்த குரோட்டன் செடிகள் நான்கு. அவ்வளவுதான். புதுத் தரையோடு பதிக்க வேண்டும், முகப்பை இடித்துக் கட்ட வேண்டும் என்று நானா சொன்னதை வேண்டாமென்றோம். வாங்குபவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். அந்தச் செலவு நமக்குத் திரும்பி வருமென்ற நிச்சயம் இல்லை.

மதிலுக்கு வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். உம்மாவைத் தோணியில் ஏற்றித்தான் வெளியே கொண்டு வந்தோம். தண்ணீர் வடிந்த பின்னர், முன்சுவரிலும் மதிலிலும் தேயிலைச் சாயம் போல ஒரு கோடு நின்றது. உம்மா அதை அழிக்க விடவில்லை. "அது இருக்கட்டும் மகள். அல்லாஹ் நம்மளக் காப்பாத்தின அடையாளம்" என்பார்.

பிரஷ்ஷுடன் நின்ற பாஸ், "இதையும் சேர்த்துப் பூசவா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். நானா, "பூசுங்க" என்றார்.

அன்றிரவு குடும்பத்தில் பேச்சு வந்தது. "வெல்லம்பிட்டியில வெள்ளம் வாறது ஊருக்கே தெரியும். கேட்டா சொல்லுவோம். கேட்காட்டி நாம ஏன் வாயால சொல்லணும்?" என்றார் நானா. தங்கையும் தலையை ஆட்டினாள். உண்மையைச் சொன்னால், நானும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவளுடைய மகளின் முகம்தான் என் கண்ணில் நின்றது.

ஆனால் சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மத்ரஸாவில் படித்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். விசாரித்தபோது, மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்றும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்ற ஹதீஸ் இது.

சகோதரிகளே, அந்த வியாபாரி மழையைப் பெய்யச் செய்யவில்லை. நாங்களும் கங்கையைப் பெருகச் செய்யவில்லை. ஈரம் அவருடைய குற்றமல்ல, அதை அடியில் வைத்ததுதான் குற்றம். கேட்டால் சொல்வோம் என்று அவரும் எண்ணியிருக்கலாம். கேட்டபோது உண்மையைத்தானே சொன்னார்!

காலையில் நானாவிடம் சொன்னேன்: "மதிலுக்குப் பூசுங்க. அழகாக்குறது பாவமில்ல. ஆனா வாற ஒவ்வொருத்தருக்கும் தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வந்ததுன்னு கையால காட்டிச் சொல்லுவேன். என் பங்குல குறைஞ்சாலும் பரவாயில்ல." நானா பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

முதலில் வந்தவருக்கு வீடு மிகவும் பிடித்திருந்தது. வெள்ளத்தைச் சொன்னதும், யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. பத்து நாட்கள் நானா என்னோடு பேசவில்லை. பிறகு சிறு பிள்ளைகளோடு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கேட்டார்கள், மதிலைப் பார்த்தார்கள், விலையில் ஐந்து இலட்சம் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தே கொடுத்தோம். தங்கை மகளின் கலியாணம் எட்டு மாதம் பிந்தியது. அந்த எட்டு மாதமும் என் மனம் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான்.

வாங்கியவர்கள் மின் பிளக்குகளை உயர்த்திப் பொருத்தினார்கள். மெல்ல மெல்லச் சேமித்து மேல்மாடியில் இரண்டு அறைகள் கட்டினார்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழையால் களனி கங்கை மீண்டும் பெருகியபோது, நான் அந்த வீட்டை நினைத்துத் தூங்கவில்லை. நான்காம் நாள் அந்தப் பெண்ணே தொலைபேசியில் பேசினாள். "ராத்தா, தண்ணி வந்திச்சி. ஆனா சாமானையும் புள்ளைகளையும் முன்னுக்கே மேல ஏத்திட்டோம். நீங்க அன்டைக்கி செல்லாட்டி, மேல கட்டணும்னு எங்களுக்குத் தோணியே ஈக்காது."

நானாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வீடு விற்கப் போகும் சகோதரிகளே, வெளியை அழகாக்குங்கள். பாசியைக் கழுவுங்கள், கேற்றுக்குப் பூசுங்கள், வாசலில் பூச்செடி வையுங்கள். உறுதி, வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆனால் கறையான் அரித்த கைமரத்தையும், ஒழுகும் மூலையையும், வெள்ளம் தொட்ட சுவரையும் வாங்குபவருக்கு உங்கள் கையாலேயே காட்டுங்கள். அந்த வீட்டில் நாளை உறங்கப்போவது இன்னொரு தாயின் பிள்ளைகள்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.