தாய்லாந்து நாள்கள்: பாங்காக்கின் சோய்கள்

பாங்காக்கைச் சில நாள்களில் பார்த்துத் திரும்புபவருக்கு அந்நகரம் அரண்மனையும் புத்த விகாரைகளும் வணிக வளாகங்களும் உயர்மட்ட ரயிலுமாகவே தென்படும். வாடகைக்கு அறை எடுத்து மாதக்கணக்கில் தங்குபவருக்கோ, அவர் குடியிருக்கும் சோய்தான் நகரம். மற்ற இடங்கள் எல்லாம் அதன் வழியாகவே அவருக்கு அறிமுகமாகின்றன. பெருஞ்சாலையிலிருந்து பக்கவாட்டில் பிரியும் தெருவைத் தாய்லாந்து மக்கள் சோய் என்பர். அது பத்து வீடுகளோடு முடிந்துவிடும் சந்தாகவும் இருக்கலாம், தனக்கென உட்சோய்கள் பலவற்றைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நீளும் தெருவாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றுள் பல, மறுமுனையில் வேறொரு சாலையைத் தொடாமல், ஒரு மதில் சுவரிலோ கால்வாய்க் கரையிலோ முட்டி நின்றுவிடுகின்றன.

இந்த அமைப்புக்குக் காரணம் நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1782இல் முதலாம் ராமா மன்னர் தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோதும், அதன்பின் நெடுங்காலமும், மக்கள் பெரும்பாலும் நீர்வழியாகவே போய்வந்தனர். கிளோங் எனப்படும் கால்வாய்களே தெருக்களாக இருந்தன. மேலைநாட்டு முறையில் போடப்பட்ட சாலைகளுள் முதன்மையான சரோன் குருங் சாலை 1860களில்தான் வந்தது. கால்வாயை முகப்பாகக் கொண்டு பின்னோக்கி நீண்ட, அகலம் குறைந்த தோட்டங்களும் வயல்களும் பிற்காலத்தில் வீட்டுமனைகளாகியபோது, ஒவ்வொரு நில உரிமையாளரும் தம் மனைகளை அடையப் போதுமான அளவுக்கு மட்டும் ஒரு பாதை விட்டார். அதைப் பக்கத்து நிலத்தின் பாதையோடு இணைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சுகும்வித் போன்ற நெடுஞ்சாலைகளின் இருபுறமும் சோய்கள் இவ்வாறே பெருகின. அச்சாலையில் ஒற்றைப்படை எண் கொண்ட சோய்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண் கொண்டவை எதிர்ப்பக்கமும் அமைந்திருப்பினும், இரு வரிசைகளும் தனித்தனியே வளர்ந்தமையால், அடுத்தடுத்த எண்கள் நேரெதிராக வருவதில்லை. புதிதாகக் குடியேறியவர் முகவரியை மட்டும் நம்பி நடந்தால் வெயிலில் வெகுதூரம் அலைய நேரிடும்.

ஊடுவழி இல்லாத இத்தெருக்களில் பேருந்து நுழைவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது மோட்டார்சைக்கிள் டாக்ஸி. 1980களில் பரவிய இத்தொழிலில், சோயின் வாயிலில் ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிந்த ஓட்டுநர்கள் வரிசை முறைப்படி காத்திருப்பர்; அந்த நிலையத்துக்கு வின் என்று பெயர். எந்த இடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பது அங்கு ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இசான் எனப்படும் வடகிழக்கு மாகாணங்களின் உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆளை ஏற்றி இறக்குவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. கட்டணச் சீட்டுகளைக் கொண்டுபோய்ப் பணம் கட்டுவது, ஆவணங்களைச் சேர்ப்பது, புதியவருக்கு வீடு காட்டுவது என அனைத்தும் அவர்களால் நடக்கின்றன. சோயில் யார் எங்கே இருக்கிறார் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

சோயின் உண்மையான செல்வம் அதன் உணவு. குறைந்த வாடகை அறைகள் பலவற்றில் சமையலறையே கிடையாது என்பதால், தெரு முழுவதும் சேர்ந்து அக்குடியிருப்புகளின் அடுக்களையாகிறது. விடியும் வேளையில் சுட்ட பன்றி இறைச்சிக் குச்சிகளும் பசையரிசிச் சோறும், சோக் எனப்படும் குழைந்த அரிசிக் கஞ்சியும், எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான பாதோங்கோவும் சோயா பாலும் தள்ளுவண்டிகளில் வந்துவிடுகின்றன. நண்பகலில் காவ் கேங் கடைகள், அதாவது சோற்றின்மீது விருப்பமான குழம்புகளை ஊற்றித் தரும் கடைகள் நிறைகின்றன. மாலையில் பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் சோம் தாமின் ஓசை தொடங்குகிறது. வாங்கிச் செல்பவர்க்குக் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றடைத்து, ரப்பர் பேண்டால் ஒரே சுழற்றில் கட்டிவிடும் கைத்திறன் வியக்கத்தக்கது. சைவ உணவினர் மீன்சாற்றிலிருந்து தப்புவது எளிதன்று. எனினும், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துடன் அறிவிக்கப்படும் சே வகைக் கடைகள் அவர்களுக்கு உண்டு; சீன வழிபாட்டு மரபிலிருந்து வந்த இம்முறையில் இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும் விலக்கப்படுகின்றன.

2014இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதற்குப் பின், நடைபாதைகளை ஒழுங்குபடுத்துவதாகக் கூறி மாநகர நிர்வாகம் வியாபாரிகளுக்கு முன்பு அனுமதிக்கப்பட்டிருந்த பல இடங்களை ரத்துசெய்தது. நடப்பவர்க்கு வழி வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சமையலறையற்ற அறையில் வாழும் தொழிலாளிக்கு உணவுத் தள்ளுவண்டி இல்லாமல் போனால், அவருடைய கூலியில் கூடுதலான பங்கு உணவுக்கே போய்விடும் என்பதைக் கணக்கில் கொள்ளாத ஒழுங்கு நியாயமானதாகாது.

பிற தேவைகளும் பெரும்பாலும் நடந்தடையும் தூரத்திலேயே நிறைவேறுகின்றன. நாணயம் போட்டால் வடிகட்டிய நீரைக் குப்பியில் நிரப்பித் தரும் இயந்திரங்கள் கட்டடங்களின் ஓரத்தில் நிற்கின்றன. பொதுவாக ஒரு பாட் நாணயத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைக்கும். துணி துவைக்கும் இயந்திரங்களும் அவ்வாறே. ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களின் முன்பும் சான் பிரா பூம் எனப்படும், நிலத்தின் காவல் தெய்வத்துக்குரிய சிறு கோயில் தூண்மீது அமைந்திருக்கும். கட்டடத்தின் நிழல் அதன்மேல் விழக்கூடாது என்று கருதி இடம் தேர்ந்தெடுக்கின்றனர். நாள்தோறும் மல்லிகைச் சரமும் ஊதுவத்தியும், உறிஞ்சுகுழல் இட்ட சிவப்பு நிறக் குளிர்பானமும் படைக்கின்றனர். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் நாட்டுப்பண் ஒலிக்கும்போது நடப்பவர் நின்றுவிடுகின்றனர். அயல்நாட்டவரைப் பொறுத்தவரை, அவர் வந்து தங்கியதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து தங்கினால் 90 நாளுக்கு ஒருமுறை அந்த அயல்நாட்டவரே தம் முகவரியை அறிவிக்க வேண்டும்.

தமிழருக்கு இந்நகரில் பழைய உறவொன்றும் உண்டு. சிலோம் சாலையும் பான் சாலையும் கூடும் முனையில் நிற்கும் மகா மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில் இங்கு குடியேறிய தமிழர்களால் எழுப்பப்பட்டது. தமிழகத்துக் கோபுர அமைப்பில் அமைந்த அக்கோயிலுக்கு இன்று வருபவர்களில் மிகப்பெரும்பான்மையோர் தாய்லாந்து மக்களே. அம்மனை அவர்கள் உமாதேவியாக வணங்குகின்றனர். பூசைத் தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் ஏந்தி, திருநீறும் குங்குமமும் பெற்றுச் செல்கின்றனர். நவராத்திரியின் நிறைவில் அம்மன் வீதியுலா வரும் இரவில் சிலோம் சாலையில் வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. குடும்பங்களும் கடைக்காரர்களும் சாலையோரங்களில் தத்தம் வழிபாட்டு மேடைகளை மலர்களால் அலங்கரித்து, தேர் தங்கள் முன் வந்து நிற்கும் வரை மணிக்கணக்கில் காத்திருக்கின்றனர்.