சைட்டுக்கு நாமினி யார்?

கச்சிபௌலியில் தமிழ்க் குடும்பம் என்றால் பெரும்பாலும் பொட்டி தட்டும் குடும்பம்தான். நான் விதிவிலக்கு. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் ஊர் ஊராய் மாற்றலாகி இங்கே வந்து சேர்ந்தவன். வெப்சைட் பற்றி நான் எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் எந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கோணத்திலிருந்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

இங்கே சில குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பாடங்களைப் போட்டு வைக்க ஒரு தம்பி ஆர்வமாய் ஒரு டாட் காம் ஆரம்பித்தார். ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டிகளைப் பிடித்து, கதை சொல்ல வைத்து, அதையும் பதிவு செய்து ஏற்றினார். அம்பாசமுத்திரத்துப் பாட்டி ஒருவரின் நரிக்கதைக்குப் பிள்ளைகளிடம் ஏக கிராக்கி.

பிறகு தம்பிக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கைபேசி எண் மாறியது, மின்னஞ்சலும் மாறியது. பணம் கட்டச் சொல்லி வந்த மடல்கள் யாரும் திறக்காத பெட்டிக்குப் போயின. டாட் காம் முகவரி காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போவதில்லை. பதிவு செய்த நிறுவனம் கொஞ்ச நாள் பொறுக்கும். அப்புறம் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், அதற்கும் மேல் 5 நாள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நகைக்கடன் ஏலம் மாதிரிதான். என்ன, இங்கே நோட்டீஸ் போன விலாசத்தில் ஆளே இல்லை. இன்று அந்த முகவரியைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது.

இதற்கிடையில் பாட்டி காலமாகிவிட்டார். "அங்கிள், அந்த நரிக்கதை எங்கேயாவது கிடைக்குமா?" என்று பேத்தி கேட்டாள். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினோம். பக்கம் இருந்தது. பாட்டி பெயர் இருந்தது. அழுத்தினால் குரல் மட்டும் வரவில்லை. ஒலிப்பதிவின் வேறு பிரதி தம்பியிடமும் இல்லை.

சைட் ஆரம்பிப்பது சுலபம். முதல் வருடம் தள்ளுபடி விலை, ஒரு மாலை நேர வேலை. ஆனால் அந்த முகவரியை நாம் சொந்தமாக வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரேயடியாகக் கட்டினாலும் டாட் காமுக்கு அதிகபட்சம் 10 வருடம்தான். ஃபிக்ஸட் டெபாசிட் என்று நினைத்துப் போட்டுவிட்டு மறக்கிறோம், உண்மையில் அது லாக்கர் வாடகை.

"இலவச இடத்தில் போட்டிருக்கலாமே சார்?" என்றார் ஒரு நண்பர். ஜியோசிட்டீஸ் அப்படித்தான் இருந்தது. 1999-ல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது.

பெயரின் மதிப்பு வங்கிக்காரனுக்குத் தெரியும். போலி முகவரி மோசடிகளைத் தடுக்க, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. அதைப் பதிந்து தரும் பொறுப்பு இதே ஹைதராபாத்தில் மாசாப் டேங்கில் இருக்கும் ஐ.டி.ஆர்.பி.டி.-க்கு மட்டும். வங்கியில் இதையெல்லாம் கவனிக்கத் தனித் துறையே உண்டு. நமக்கு ஒரு தம்பிதான். அவருக்கும் விசா வந்துவிடுகிறது.

துறை இல்லாமலும் நிற்க முடியும். மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். காலம் மாறியபோது டிஸ்கியில் இருந்தவற்றை யூனிகோடுக்கும் கொண்டு வந்தார்கள். பல கைகள் சேர்ந்து இழுத்த தேர், அதனால் நின்றது.

நாங்களும் புது முகவரி எடுத்திருக்கிறோம். பதிவு வகுப்பின் பொது மின்னஞ்சலில், பாஸ்வேர்ட் இரண்டு வீடுகளில். பணம் கட்ட வேண்டிய தேதி மூன்று பேர் காலண்டரில். எல்லா ஒலிப்பதிவுக்கும் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்கில், அதை வருடத்துக்கு ஒருமுறை திறந்து ஓடவிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. செலவு பெரிதாக இல்லை, ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது மெனக்கெட வேண்டும். அதுதான் சவால்.

2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். கவுண்டரில் எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ, குடும்பத்துக்கோ ஒரு சைட் இருந்தால் இன்றிரவே விசாரித்துவிடுங்கள்: அது யார் பெயரில் இருக்கிறது? அவருக்கு அடுத்து யார்?