மெயினை அணைத்த பிறகும்

திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் மீட்டர் பலகை பெரும்பாலும் ரேழியில்தான் இருக்கும். ஐந்தாறு குடித்தனம் என்றால் ஐந்தாறு மீட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை. நான் போன வீட்டில் ஒரு குடித்தனத்துக்கு மட்டும் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. வேலைக்கு வந்தவர் அறுபதை நெருங்கும் ஒயர்மேன். கூடவே உதவியாளராக ஓர் இளைஞர்.

பெரியவர் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பையில் போட்டார். "இன்வெர்ட்டர் இருக்காம்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இருந்தது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் பெருகிய கருவி அது. மெயினை அணைத்த கணமே தானாக இயங்கி, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸுக்குள் சில கம்பிகளுக்கு 230 வோல்ட்டைத் தொடர்ந்து அனுப்பும். மெயின் அணைந்துவிட்டது என்று நம்பிக் கைவைப்பவருக்கு இது தெரியாது. இளைஞர் மாடிக்குப் போய் இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

அடுத்து மெயின். அதன் பிறகுதான் ஃபியூஸ் கட்டை. லோடு ஓடும்போது கட்டையைப் பிடுங்கினால் பொறி பறக்கும். பிடுங்கிய கட்டையை அவர் பலகைமேல் வைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பல குடித்தன வீட்டில் இது உயிர்காக்கும் பழக்கம். ஃபேன் நின்றதைப் பார்த்து யாராவது ஓடிவந்து கட்டையைச் செருகிவிடலாம். ஃபியூஸுக்குப் பதில் எம்சிபி சுவிட்ச் மட்டும் உள்ள வீடுகளில் பையில் போட எதுவும் இல்லை. அணைத்த எம்சிபியைப் பூட்டிவைக்கவென்றே சிறு பூட்டுகள் விற்கிறார்கள். ஒயர்மேன்கள் எல்லோருடைய பையிலும் அது இருக்க வேண்டும் என்பேன்.

டெஸ்டரை அவர் முழுதாக நம்புவதில்லை. பிடித்திருப்பவரின் உடல் வழியாகப் போகும் மிகச் சிறு மின்னோட்டத்தால்தான் அதிலுள்ள நியான் விளக்கு எரிகிறது. காய்ந்த மர ஸ்டூலில் நின்றால் மங்கிப்போகலாம், வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அவர் எடுத்தது டெஸ்ட் லாம்ப்: ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு ஒயர். பக்கத்துக் குடித்தனத்தின் பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்தார். பிறகு டிபி பாக்ஸில் வைத்தார், எரியவில்லை. மீண்டும் அதே பிளக்கில், எரிந்தது. நடுவில் பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் "கரண்ட் இல்லை" என்பது பொய்யாகிவிடும். நியூட்ரலையும் எர்த்தோடு சேர்த்துச் சோதித்தார். எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால், சுவிட்ச் போட்டிருக்கும் ஃபேன் வழியாகவே ஃபேஸ் அதில் ஏறி நிற்கும்.

இத்தனை கவனம் எதற்கு? கையை விடுவிக்க முடியாமல் போகும் மின்னோட்டம் எவ்வளவு என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வாளர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களிடம் சோதித்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. ஒரு 9 வாட் எல்இடி பல்பு எடுப்பதே இதைவிட அதிகம்.

மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுந்துவிடுமே என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், உடலை அது இன்னொரு பல்பாகவே எடுத்துக்கொள்ளும்; விழாது. தனக்கு முன்னால் வரும் ஒயரையும் அது காக்காது. அதனால்தான் பெரியவர் பெட்டிக்குள் ஒரு கையை மட்டுமே விடுகிறார்.

டிபி பாக்ஸில் பழுது இல்லை. ஃபியூஸ் பேஸில், தெருவிலிருந்து ஒயர் வந்து சேரும் திருகு தளர்ந்து கருகியிருந்தது. கட்டையைப் பிடுங்கினாலும் அந்த முனையில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். "ஒரு நிமிஷ வேலைதானேண்ணா, அப்படியே முறுக்கிடுங்க" என்றார் குடித்தனக்காரர். இந்த ஒரு நிமிஷம்தான் ஒயர்மேன்களைக் கொல்கிறது. மறுத்தால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் தினக்கூலிக்காரருக்கு இருக்கும். அணைத்துவிட்டுச் செய்யுங்கள் என்று வீட்டுக்காரரே முந்திச் சொன்னால் அந்தப் பயம் போய்விடும்.

பெரியவர் மறுத்தார். 2021-இல் தொடங்கிய மின்வாரியச் சேவை மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், புகார் போனது. மின்வாரிய ஊழியர் வந்து தெருவோர பில்லர் பாக்ஸில் ஃபியூஸை எடுத்தார். மறுபடியும் டெஸ்ட் லாம்ப் சோதனை. அதன் பிறகே கருகிய நுனியை வெட்டி, புது பேஸ் மாட்டினார்கள்.

கரண்ட் திரும்பியதும் பெரியவர் ஆர்சிசிபியின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினார். விழவில்லை. மாட்டிய நாளிலிருந்து அதை யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. புதியது வரும்வரை கீசரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இளைஞரைக் கடைக்கு அனுப்பினார்.