எந்தக் கட்டை ட்யூபா?

பாண்டு வாத்தியக் குழுவின் கடைசி வரிசையில், மடியில் குழந்தை மாதிரி ஒரு பெரிய பித்தளைக் குழாயை வைத்துக்கொண்டு ஒருவர் ஊதுவாரே, அதுதான் ட்யூபா. 1835-ல் பெர்லினில் வீப்ரெஷ்ட், மோரிட்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கியது.

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இதில் முக்கியமாக நான்கு ரகம். நம்மூர் கட்டைக் கணக்கில் சொன்னால் ஆறரை (பி ஃப்ளாட்), ஒன்று (சி), இரண்டரை (ஈ ஃப்ளாட்), நாலு (எஃப்). ஸ்தாயி மட்டும் பாதாளத்தில் :-) குழாயின் நீளம் முறையே சுமார் 18, 16, 13, 12 அடி. நீளம் கூடினால் சுருதி இறங்கும். பாரி நாயனம், திமிரி நாயனம் கதைதான்.

சிக்கல் விரலில் இருக்கிறது. எந்த வால்வையும் அழுத்தாமல் ஊதினால் ஆறரைக் கட்டையில் பி ஃப்ளாட் வரும். அதே ஸ்வரத்துக்கு ஒரு கட்டை ட்யூபாவில் முதல் வால்வை அழுத்த வேண்டும். தாளில் இருப்பது அதே புள்ளி, விரல் மட்டும் வேறு!

அமெரிக்கப் பள்ளி பாண்டுகளில் பெரும்பாலும் ஆறரைதான். அங்குள்ள தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களில் ஒரு கட்டைதான் வழக்கம். பள்ளியில் ஊதிப் பழகிய ஒருவர், வேலைக்குப் போனபின் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பெரியவர்கள் வாசிப்பது சி ஆயிற்றே" என்று ஆசை வரும். விலையோ பல ஆயிரம் டாலர். அதைவிடப் பெரிய செலவு, பல வருஷமாக விரலில் ஊறியதை மறக்க வைப்பது. வாரத்துக்கு ஒரு ஒத்திகை, தினம் அரைமணி சாதகம் என்று ஓடுபவருக்கு இந்தக் கணக்கு லேசில் நேராகாது.

பிரிட்டிஷ் பிராஸ் பாண்டுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அங்கே இரண்டு ஈ ஃப்ளாட், இரண்டு பி ஃப்ளாட் ட்யூபா இருக்கும். கார்னெட்டிலிருந்து ட்யூபா வரை எல்லா வால்வு வாத்தியத்துக்கும் ஒரே மாதிரி எழுதுவார்கள். தாளில் இந்தப் புள்ளி என்றால் இந்த விரல், அவ்வளவுதான். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் வளர்த்த பாண்டுகள் அவை. ஒருவர் வராவிட்டால் பக்கத்து ஆள் அந்த வாத்தியத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆளே ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனால் வேறு மாதிரி எழுதிய தாளைப் பார்த்து முழிக்க வேண்டியதுதான்!

கட்டையைப் பற்றிய கவலையில் பலர் மறப்பது நாலாவது வால்வை. மூன்று வால்வையும் சேர்த்து அழுத்தினால் குழாயின் நீளம் போதாமல் சுருதி ஏறிவிடும். நாலாவது வால்வு அதைப் பெருமளவு சரிசெய்யும். 1874-ல் பிளெய்க்லி என்பவர் இந்தக் குறையைத் தானாகவே ஈடுகட்டும் குழாய் அமைப்பையே கண்டுபிடித்தார். மூன்று வால்வு 'சி'யைவிட நாலு வால்வு பி ஃப்ளாட் அமெச்சூருக்கு நல்லது.

கேட்பவருக்கு எந்தக் கட்டை என்று தெரியப் போவதில்லை. சுருதி விலகினால் மட்டும் முதல் வரிசைவரை தெரியும். அடி ஸ்வரம் ஆடினால் மேலே இருப்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? கையில் இருக்கிற ட்யூபாவோடு புதன்கிழமை ஒத்திகைக்குச் சரியான நேரத்துக்கு வருகிற ஆள்தான் குழுவுக்கு வேண்டும். புது ட்யூபாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.