ஒரே மேசையில் மூன்று பிள்ளைப் பருவங்கள்

நாவுக்கும் நினைவாற்றல் உண்டு. கண் மறந்த முகங்களையும், காது மறந்த குரல்களையும் சில வேளைகளில் அது மீட்டுத் தந்துவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட், 1913இல் வெளியான தம் பெரும் புதினத்தின் முதற்பாகத்தில், தேநீரில் நனைத்த ஒரு கேக்குத் துண்டு ஒருவனுக்கு அவன் இளமையில் தங்கிய ஊரையே திருப்பித் தருவதைக் காட்டினார். உடலியலார் இதற்குக் காரணமும் கூறுவர். பிற புலன்களின் செய்திகள் மூளையில் 'தலாமஸ்' என்னும் பகுதியைக் கடந்தே மேற்செல்கின்றன. மணத்தின் செய்தியோ, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்று தொடுகிறது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான் அல்லவா?

இந்த உண்மையை இன்றைய உயர்தர உணவகங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. அங்கே 'டேஸ்டிங் மெனு' என்றொரு முறை உண்டு. விருந்தினர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சமையற்கலைஞர் வகுத்த வரிசையில் எட்டோ பத்தோ சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்கு மேல் இராது. அந்த வரிசைக்குப் பிள்ளைப் பருவத்தையே கருப்பொருளாகக் கொள்வோர் பலர். இங்கிலாந்தின் பிரே என்னும் சிற்றூரில் உணவகம் நடத்தும் ஹெஸ்டன் புளூமெந்தால், 2007இல் கடலுணவுத் தட்டுடன் ஒரு சங்கையும் சேர்த்து வைத்தார். அதனுள் இருந்த கருவி, உண்போர் காதில் அலையோசையை ஒலித்தது. இத்தாலியின் மோதெனா நகரத்து மஸ்ஸிமோ பொத்தூரா, வீட்டுப் பிள்ளைகள் போட்டியிட்டுப் பறிக்கும் லசான்யாவின் முறுகிய ஓரத்தை மட்டும் தனிப் பண்டமாக்கினார். நம் ஊர்களில் தோசையின் முறுகலுக்கும் பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பாலாடைக்கும் நடக்கும் சண்டையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

நம் தில்லியிலும் அத்தகைய உணவகங்கள் உள்ளன. சென்ற குளிர்காலத்தில், எங்கள் மணநாளை முன்னிட்டு மகள் எங்களை அவற்றுள் ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். நாங்கள் இருவர், அவள், எட்டு வயதுப் பேரன் என நால்வர் அமர்ந்தோம். "இன்றைய விருந்து உங்களை உங்கள் பள்ளி நாள்களுக்கு அழைத்துச் செல்லும்" என்று பணியாளர் மிகுந்த மரியாதையுடன் அறிவித்தார்.

முதலில் சிறு கண்ணாடிக் குவளைகளின் மேல் கோல்கப்பாக்கள் வந்தன. ஒவ்வொரு குவளையிலும் வேறொரு புளிநீர். அடுத்து, உள்ளங்கையில் அடங்கும் டிபன் பாக்ஸ் ஒன்று. திறந்தால் பழைய ஒரு ரூபாய் நாணயத்தளவு உருளைக்கிழங்குப் பராட்டா, ஒரு கீற்று மாங்காய் ஊறுகாய். பின்னர் சூரணம் தூவிய மாதுளை ஐஸ். நிறைவாக தௌலத் கி சாட். பாலை இரவுப் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து, எழும் நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூவும் கோவாவும் சர்க்கரைப் பொடியும் தூவுவார்கள். குளிர்காலத்தில் மட்டும் சாந்தினி சௌக் சந்துகளில் கிடைக்கும் பண்டம் அது. வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும்.

எங்கள் மகள் தில்லியிலேயே பிறந்தவள். ஒவ்வொரு தட்டையும் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. ஐஸில் இருந்த சூரணம் நாவில் பட்டவுடன் கண்கள் கலங்கின. கரோல்பாக்கில் நாங்கள் குடியிருந்தபோது, பள்ளி வாசலில் சூரணம் விற்ற முதியவரைப் பற்றிச் சொன்னாள். "அம்மா, நீங்கள் கட்டிக் கொடுத்த இட்லியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய பராட்டாவை நான் வாங்கிக்கொள்வேன், அவளுக்கு நம் மிளகாய்ப் பொடி உயிர்" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் கேளாத செய்தி அது. எங்கள் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளையின் பிள்ளைப் பருவத்தை அன்றுதான் நாங்கள் முழுமையாகக் கண்டோம்.

அப்போது பேரன் கேட்டான்: "தாத்தா, ஆச்சி, இதிலே உங்களுடையது எது?"

தட்டுகளைப் பார்த்தோம். எங்களுடையது எதுவும் அங்கே இல்லை.

எங்கள் இருவருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசற்காடு. 1960களில் எங்கள் வீடுகளில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. மற்ற நாள்களில் கம்பும் சோளமுமே. கம்பில் நீர் தெளித்து உரலில் இடித்து, புடைத்து உமி நீக்கி, மறுபடி இடித்துக் காய்ச்சுவார்கள். ஆறியதும் உருண்டை பிடித்து நீரில் இட்டு வைத்தால், மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழ். கடித்துக்கொள்ள வெங்காயம், மோர்மிளகாய். கையில் காசு கிடைத்தால் கடலை மிட்டாய், கருப்பட்டி மிட்டாய். கழியின் உச்சியில் பொம்மை கை தட்ட, சவ்வு மிட்டாயை இழுத்துக் கைக்கடிகாரமாகக் கட்டிவிடும் வியாபாரி வந்தால் அன்று திருவிழா.

இவை இன்று பெருமை பெற்றுவிட்டன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நட்சத்திர விடுதிகளிலும் கம்பு இடம் பெற்றுள்ளது. மகிழ்ச்சிதான். ஆயினும் அங்கே பரிமாறப்படும் கூழில் பசி இராது. காட்டு வேலை முடிந்து வந்த தாய் தன் பங்கையும் நம் கலயத்தில் ஊற்றிய அந்தக் கணத்தை எந்தக் கலைஞரால் தட்டில் வைக்க இயலும்?

இது குறை கூறுவதன்று. நினைவைப் பொருளாகக் கொண்ட விருந்தில் சமைப்பவர் பாதிதான் தருகிறார். மறுபாதியை உண்பவர் கொண்டுவர வேண்டும். அன்று எங்கள் மகள் கொண்டுவந்தாள். அவளுக்கு அது விருந்தாயிற்று. எங்களுக்கு அவை சுவையான பண்டங்கள், அவ்வளவே. ஊர் விட்டு வந்த குடும்பங்களில் ஒரே மேசையில் மூன்று பிள்ளைப் பருவங்கள் அமர்கின்றன. நமக்குப் பிறந்த ஊர் தெற்கே. நம் பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர் இதுவே. அதற்காக வருந்துவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் நம்முடையதை நாமே சொன்னாலன்றி, அவர்களுக்கு அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

மார்ச்சு மாதம் வெயில் தலைகாட்டியபோது, தெருமுனைக் கடையில் ஒரு கிலோ பாஜ்ரா வாங்கினோம். நம் கம்புதான் அது. உரல் இல்லாத வீட்டில் மிக்சியில் உடைத்துக் காய்ச்சினோம். மணம் பிடித்து எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு அரியானா அம்மையார், "இது எங்கள் ராப்டி அல்லவா!" என்றார். கம்பு மாவை மோரில் புளிக்க வைத்துக் காய்ச்சிக் கோடையில் குடிப்பார்களாம். ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் விட்டுவந்ததாக நாங்கள் எண்ணியிருந்த கலயம், சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

கூழை அருந்திக்கொண்டே உரலையும் உலக்கையையும் பற்றிப் பேரனுக்குச் சொன்னோம். அவன் அரை டம்ளர் குடித்தான். மீதிக்குச் சர்க்கரை கேட்டான், போட்டோம். நாளை அவன் எந்த ஊரில் இருந்து எதை எண்ணி ஏங்குவான் என்பதை நம்மால் வகுக்க இயலாது. சர்க்கரை போட்ட கம்பங்கூழாகவும் அது இருக்கலாம்.